ஒற்றைச் சுவடி

பதிற்றுப்பத்தைப் பாடம் சொல்லத் தொடங்கும் ஒவ்வோராண்டும், பெயர் விளக்கத்தைக் கூறி முடிப்பதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு வினா எழும். "பத்துப் பத்து என்கிறீர்கள் ஐயா, நூலில் எட்டுப் பத்துத்தானே இருக்கிறது?" முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை என்று விடை கூறுவோம். புறநானூற்றில் 267, 268 ஆகிய பாடல்கள் இல்லை, ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை என்று மேலும் இரு சான்றுகளைச் சேர்த்துச் சொல்வோம். மாணவர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வர். நாமும் அடுத்த பக்கத்தைப் புரட்டுவோம். "கிடைக்கவில்லை" என்னும் சொல்லின் கனத்தை நாம் உணர்ந்தது வகுப்பறையில் அன்று. 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்து நண்பகல் ஒன்றில், நம் வீட்டு மேசையடியில்.

அதனைச் சொல்வதற்கு முன் நம் அன்னையாரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

உம்மா அவர்கள் நிழற்படத்திற்கு இணங்காதவர்கள். படம் எடுப்பது ஆகுமா, ஆகாதா என்ற மார்க்கத் தீர்ப்புக்குள் நாம் இங்கே புகவில்லை; அது ஆலிம் பெருமக்களின் பணி. உம்மாவின் மறுப்புக்கு மார்க்கத்தைக் காட்டிலும் கூச்சமே காரணம் என்பது நம் கருத்து. "என் மொகத்த எதுக்குக் காயிதத்துல ஒட்டணும்?" என்பார்கள். அவர்களுடைய திருமணத்திற்குப் படம் இல்லை. ராத்தாவின் திருமணப் படங்களில் கூட்டத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் துப்பட்டியின் நுனி மட்டும் தெரியும். அதுதான் உம்மா என்று நாம் சுட்டிக்காட்டினால் அன்றிப் பிறர் அறியார். 1998-ஆம் ஆண்டு வாப்பாவோடு ஹஜ்ஜுக்குச் செல்லக் கடவுச்சீட்டு எடுக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் முதன்முறையாக ஸ்டூடியோ நாற்காலியில் அமர்ந்தார்கள். விண்ணப்பத்தில் ஒட்டியது போக மிஞ்சிய மூன்று படங்களையும் ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியில் போட்டு, மேலே தையல் நூற்கண்டுகளை அடுக்கி மூடிவிட்டார்கள். அந்தப் படத்தில் இருப்பது உம்மாவின் முகந்தான். ஆயினும் அரசு அலுவலகத்திற்கு அஞ்சி நிற்கும் ஒரு முகம்.

இந்த உறுதியைக் கலைத்தவள் ஒன்பது வயதுச் சிறுமி. ராத்தாவின் மகள். 2009-இல் நாம் வாங்கிய சிறிய டிஜிட்டல் கேமராவை, அதன் மூடி உடைந்த பின்னர், அவளுக்கு விளையாடக் கொடுத்திருந்தோம். 2012-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், கொல்லையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த உம்மாவை அவள் படம் எடுத்துவிட்டாள். ஓடிப்போய்க் கேமராவின் பின்புறத் திரையில் அதனைக் காட்டினாள். கண்டிப்பார்கள் என்று நாம் எண்ணினோம். உம்மாவோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்கள். "இது நானா புள்ள? எங்க உம்மா மாதிரில்ல இருக்கு" என்றார்கள். அவர்களுடைய தாயாருக்கு ஒரு படமும் கிடையாது. பிறகு கேமராவைத் திருப்பிக் கொடுத்து, "வச்சுக்க. ஆனா ஒருத்தருக்கும் காட்டாத" என்றார்கள்.

அன்று முதல் அச்சிறுமிக்கு மட்டும் இசைவு உண்டாயிற்று. ஐந்தாண்டுகளில் அறுபத்தொரு படங்கள். இடியாப்ப உரலைத் திருகும் கைகள். அரபுத்தமிழில் அச்சிட்ட பழைய கிதாபின்மேல் குனிந்த தலை. சஹர் நேரத்தில் அடுப்படி வெளிச்சத்தில் பாதி முகம். பேத்தியின் பள்ளிச் சீருடைக்குப் பொத்தான் தைக்கும்போது பல்லால் நூலைக் கடிப்பது. நாமே பிற்பாடுதான் அவற்றைக் கண்டோம். ஒளி போதாதவை, கை நடுங்கியவை, விரல் மறைத்தவை எனக் குறைகள் பல இருந்தும், அவற்றில் இருந்தவர் நம் உம்மா. 2017-ஆம் ஆண்டு அவர்கள் இறைவனடி சேர்ந்தார்கள். அல்லாஹ் அவர்களுடைய மண்ணறையை விசாலமாக்கி வைப்பானாக.

குடும்பத்தில் படித்தவன் என்ற பெயர் நமக்கு உண்டு. எம்.ஃபில். பட்டத்தின் பயன்களுள் இதுவும் ஒன்று: ரேஷன் அட்டைத் திருத்தம் முதல் ரயில் முன்பதிவு வரை யாவும் நம்மிடமே வந்து சேரும். அவ்வாறே படங்களும் வந்து சேர்ந்தன. காக்காவின் கைப்பேசியில் இருந்தவை, மச்சானின் மடிக்கணினியில் இருந்தவை, ராத்தா வீட்டுக் குறுந்தகடுகளில் இருந்தவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் திரட்டிப் பாதுகாப்பது என்று 2018-இல் முடிவு செய்து, ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டு ஒன்றை வாங்கினோம். கைக்கடக்கமான கறுப்புப் பெட்டி. ஆண்டு வாரியாகக் கோப்புறைகள் அமைத்து, நூலகத்து அட்டவணை போல் பெயரிட்டு, மாதக்கணக்கில் உழைத்தோம். உழைப்பு முடிந்த பெருமிதத்தில், "எல்லாம் பத்திரமா நம்மகிட்ட இருக்கு, நீங்க அழிச்சுக்கலாம்" என்று எல்லார்க்கும் சொன்னோம். கைப்பேசியில் இடமில்லை என்று தவித்தவர்கள் மகிழ்ச்சியோடு அழித்தார்கள்.

சிறுமியின் கேமராவில் இருந்த நினைவட்டையும் 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நம் கைக்கு வந்தது. அவள் அப்போது பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தரும்போது, "மாமா, உம்மம்மா படம் இதுல மட்டும்தான் இருக்கு" என்று ஒருமுறைக்கு இருமுறை சொன்னாள். வன்தட்டில் படியெடுத்தோம். அட்டையை அவளிடம் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அந்த வாரம் நம் துறையின் முத்தமிழ் விழா. படம் எடுக்க அட்டை ஒன்று தேவைப்பட்டது. அதனைத் துடைத்துவிட்டு, பட்டிமன்றம், கவியரங்கம், பொன்னாடை, நினைவுப் பரிசு என்று நானூறு படங்களை அதிலேயே எடுத்தோம்.

இரு மாதம் கழித்து, வீட்டுக்கு வெள்ளையடிக்க மேசையை நகர்த்தியபோது, கணினியோடு இணைந்து ஓடிக்கொண்டிருந்த வன்தட்டின் கம்பியில் நம் கால் இடறியது. மூன்றடி உயரந்தான். கீழே விழுந்த பெட்டியில் கீறல்கூட இல்லை. மீண்டும் இணைத்தபோது பல்லி சொல்வது போல் "டிக், டிக்" என்ற ஒலி மட்டும் வந்தது.

கணினித் துறையில் பணியாற்றும் நண்பர் அந்த ஒலியைக் கேட்டதுமே முகம் மாறினார். வன்தட்டின் உள்ளே நடப்பதை அவர் விளக்கிய பின்னரே, நாம் எதனை நம்பியிருந்தோம் என்பது புரிந்தது. உள்ளே கண்ணாடி போல் வழவழப்பான வட்டத் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 சுற்று என்ற வேகத்தில் சுழல்கின்றன. அவற்றின் மேல் எழுதவும் படிக்கவும் வல்ல ஒரு முனை, தட்டைத் தொடாமல், காற்றின் மெல்லிய படலத்தில் மிதக்கிறது. முனைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி தலைமயிரின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. சுழலும்போது விழுந்தால் முனை தட்டின்மேல் மோதி உழுதுவிடும். உழப்பட்ட தடத்தில் இருந்தது திரும்பாது. எழுத்தாணியால் எழுதிய ஓலையை அதே எழுத்தாணி கிழித்தது போல என்று சொல்லலாம்.

உள்ளூர்க் கடையில் கைவிரித்தார்கள். சென்னையில் தூசியற்ற அறை வைத்து வன்தட்டைப் பிரித்துப் பார்ப்போர் உண்டு என்று அறிந்து எடுத்துச் சென்றோம். மீட்டால் நாற்பதாயிரம் ரூபாய் வரை ஆகும் என்றார்கள், தருவதாக ஒப்புக்கொண்டோம். பத்து நாள் கழித்து, தட்டு முழுவதும் சிராய்ந்துவிட்டது, கட்டணம் வேண்டா என்று திருப்பித் தந்தார்கள். பணம் கேட்காத அந்த நேர்மை அன்று நமக்கு ஆறுதலாக இல்லை.

எஞ்சியது நினைவட்டை. இதில் மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அட்டையிலிருந்து ஒரு படத்தை அழிக்கும்போது படம் உடனே அழிவதில்லை. நூலகத்தில் அட்டவணைச் சீட்டைக் கிழித்துவிட்டு நூலை அலமாரியிலேயே விட்டுவைப்பதைப் போன்றது அது. அந்த இடத்தில் வேறொன்றை எழுதும்வரை பழையது அங்கேயே கிடக்கும். தேடி எடுக்கும் மென்பொருள்கள் உண்டு. ஆகவே தவறுதலாக அழித்துவிட்டால், அந்த அட்டையில் அதன்பின் ஒரு படமும் எடுக்காமல் வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும். நாமோ நானூறு படங்களை அதன்மேல் எழுதியிருந்தோம். நண்பர் ஓரிரவு முழுதும் முயன்று, உம்மாவின் படங்களில் ஒன்றின் மேற்பகுதியை மட்டும் மீட்டார். திரையின் மேற்பாதியில் முருங்கைக் கிளை. அதற்குக் கீழே, உம்மா நின்றிருந்த இடம் முழுவதும், சாம்பல் நிறம். மற்ற இடங்களிலெல்லாம் பொன்னாடைகள் மிகத் தெளிவாக இருந்தன.

ராத்தாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குள் போனார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்போம்.

இதன்பின் நாம் செய்தது ஒருவகையில் நம் துறை சார்ந்த பணியே. சுவடி தேடுவது போல் படம் தேடினோம். உறவினர் பலருக்கும் தொலைபேசியில் பேசி, யார் யாருக்கு எந்தப் படத்தை எப்போது அனுப்பினோம் என்று கேட்டு, வாட்ஸ்அப்பில் பழைய உரையாடல்களைத் தோண்டச் செய்தோம். காக்கா மகனின் சுன்னத் வைபவம், வாப்பாவின் எழுபதாம் வயதுப் படம், ஊர்க் கந்தூரி என்று நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் திரும்பின. எல்லாம் சுருங்கிய படங்கள்; வாட்ஸ்அப் இயல்பாகவே படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும், எடுத்த நாள் முதலிய குறிப்புகளையும் உதிர்த்துவிடும். ஆயினும் வந்தன. உம்மாவின் படம் மட்டும் எவரிடமும் இல்லை. எப்படி இருக்கும்? ஒருவருக்கும் காட்டாதே என்று உம்மா சொல்ல, சொன்ன சொல்லை அச்சிறுமி காத்திருந்தாள். பலரும் பகிர்ந்த படங்கள் பிழைத்தன. பொத்தி வைத்தது போயிற்று.

ஒரு மாதம் சென்றிருக்கும். ஓரிரவு அவள் நம்மிடம் வந்து நின்று, தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மாமா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். உம்மம்மா காட்டாதன்னு சொன்னாங்க. நான் காக்காவுக்கு மட்டும் ஒண்ணு அனுப்பிட்டேன்." அவளுடைய அண்ணன் தம்மாமில் பணியிலிருப்பவன். 2016-ஆம் ஆண்டு பெருநாளைக்கு விடுப்புக் கிடைக்காமல் அங்கேயே தங்கிவிட்டான். உம்மம்மாவைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறான். அவள் கேமராவின் திரையில் தெரிந்த படத்தைத் தன் தாயாரின் கைப்பேசியால் மீண்டும் படமெடுத்து அவனுக்கு அனுப்பிவிட்டு, தன் பக்கத்தில் அழித்துவிட்டாள். அவன் அதனை அழிக்கவில்லை. மூன்றாண்டுகளில் இரண்டு கைப்பேசிகள் மாற்றியும் அதனை மாற்றி மாற்றி வைத்திருந்தான்.

படத்தின் படம், அதுவும் சுருங்கியது. பல்லால் நூலைக் கடிக்கும் படம். முகத்தின் குறுக்கே திரையின் ஒளிக்கோடு ஒன்று விழுந்திருக்கும். அறுபத்தொன்றில் நமக்கு வாய்த்தது அந்த ஒன்றே. அழாதே, நீ செய்தது தப்பன்று என்று அவளுக்கு நாம் எவ்வளவோ சொன்னோம், அவள் ஒப்பவில்லை. தன் தவறு எதனையும் ஒப்புக்கொள்ளாமல் இரு மாதம் நடந்த நமக்கு அது ஒரு பாடம்.

அதன்பின் பதிற்றுப்பத்தை நடத்தும்போது நம் எண்ணம் வேறு வகையில் செல்கிறது. நம் தட்பவெப்பத்தில் ஓலை சில நூற்றாண்டுகளுக்குமேல் நிற்பது அரிது. கரையானும் பூச்சியும் விடா. சங்கப்பாடல்கள் இரண்டாயிரம் ஆண்டு நின்றமைக்கு ஓலையின் வலிமை காரணமன்று. யாரோ ஒருவர் தலைமுறைக்கு ஒருமுறையேனும் அமர்ந்து புதிய ஓலையில் படியெடுத்தார். அந்தப் படி வேறோர் ஊருக்குச் சென்றது. அங்கிருந்து மற்றொன்று பிறந்தது. ஓரூரில் அழிந்தபோது மற்றோரூரில் இருந்தது. உ.வே.சாமிநாதையர் அவர்கள் சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பிக்கப் பல ஊர்ச் சுவடிகளை ஒப்பிட முடிந்தது இதனால்தான். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டார்கள் என்ற செய்தியைக் கேட்டு வருந்தியதையும் அவர்களே எழுதியுள்ளார்கள். ஏட்டை வெளியில் காட்ட மறுத்துப் பெட்டியில் பூட்டி வைத்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு அந்த ஏட்டின்மேல் அன்பில்லை என்று இளமையில் எண்ணினோம். இப்போது அவ்வாறு எண்ணத் துணிவில்லை. அன்பினால்தான் பூட்டினார்கள். கரையானுக்கு அது தெரியாது.

1981-ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அச்சு நூல்களுக்கு வேறிடத்தில் வேறு படிகள் இருந்திருக்கும். வேறு படியில்லாத சுவடிகளின் கதையே நெஞ்சை அறுப்பது. மறையின் வரலாறும் இங்கே நினைவுக்கு வருகிறது. யமாமாப் போரில் குர்ஆனை மனனம் செய்தோர் பலர் ஷஹீதானபோது, அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்கள் அதனை ஒன்று திரட்டினார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் பிரதிகள் எடுப்பித்துப் பல நகரங்களுக்கு அனுப்பினார்கள். நம் வீட்டுப் படங்களை அத்துடன் ஒப்பிடும் துணிவு நமக்கில்லை. திரட்டியதோடு நில்லாமல் பல இடங்களுக்கு அனுப்பிய முறையை மட்டுமே இங்குக் குறிக்கிறோம். நாம் திரட்டினோம், அனுப்பவில்லை.

கணினி உலகில் இதற்கு ஒரு சூத்திரமே உண்டு. பீட்டர் குரோ என்னும் அமெரிக்க நிழற்படக் கலைஞர் டிஜிட்டல் படங்களைப் பேணுவது குறித்து 2005-இல் வெளியிட்ட நூலின் வழிப் பரவிய அதனை "3-2-1" என்பர். எதற்கும் மூன்று படிகள் வேண்டும். அவை இருவேறு வகைப் பொருள்களில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வேறிடத்தில் இருக்க வேண்டும். நன்னூல் சூத்திரம்போல் சொற்சுருக்கம் உடையதாயினும், இதில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு துயரம் பின்னால் நிற்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளின் தரைத்தளத்தில் ஆல்பமும் கணினியும் ஒரே நீரில் மூழ்கின. ஒரே அலமாரியில் மூன்று படிகள் இருப்பின் அவை ஒரு படியே.

பொருளில் எது நம்பத்தக்கது என்று கேட்பார்க்கு, எதுவும் அன்று என்பதே விடை. வன்தட்டின் கதையைச் சொல்லிவிட்டோம். வீட்டில் எழுதும் குறுந்தகட்டில் செய்தி பதிவது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் வெப்பமும் அதனை வெளுக்கச் செய்யும். பென் டிரைவும் நினைவட்டையும் மின்னூட்டத்தைச் சிறைப்படுத்தி வைப்பவை. ஆண்டுக்கணக்கில் மின்சாரமே காட்டாமல் இழுப்பறையில் போட்டு வைத்தால் அது மெல்லக் கசியும். கடைக்கு எடுத்துச் செல்ல அவை உதவும். பேரனுக்கு வைத்துப் போக உதவா.

"கூகுளில் ஏற்றிவிட்டோம், இனிக் கவலையில்லை" என்பார் பலர். ஏற்றுவது நன்றே. வேறிடத்துப் படி என்ற நிபந்தனை அதனால் எளிதாக நிறைவேறுகிறது. ஆயினும் அதன் இயல்பறிந்து ஏற்ற வேண்டும். கூகுள் போட்டோஸில் பொறிக்கப்பட்ட படத்தைக் கைப்பேசியில் அச்செயலி வழியே அழித்தால், மேலே இருக்கும் படியும் சேர்ந்து அழியும். குப்பைக் கூடையில் அறுபது நாள் கிடந்து பின் மறையும். கைப்பேசியில் இடம் வேண்டுவோர் அதற்கென உள்ள தனி வசதியைப் பயன்படுத்த வேண்டுமேயன்றி ஒவ்வொன்றாக அழித்தலாகாது. 2015-இல் அளவின்றி இலவசமாக ஏற்றலாம் என்று தொடங்கியது, 2021 ஜூன் முதல் மின்னஞ்சல் உட்பட எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிகாபைட் என்று சுருங்கியது. ஈராண்டு தொடாத கணக்கை அவர்கள் நீக்கிவிடலாம் என்பதும் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறை. கடவுச்சொல்லை ஒருவர்க்கும் சொல்லாமல் வபாத்தாகிவிட்ட ஒருவரின் படங்கள் என்னவாகும் என்பதைப் பெரியோர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். சொத்துக்கு உயில் எழுதுகிறோம். இதற்கு ஒரு துண்டுச்சீட்டு எழுதி நம்பிக்கையான ஒருவரிடம் தருவதில் என்ன தடை?

படியெடுத்தால் மட்டும் போதாது, திறந்தும் பார்க்க வேண்டும். "டாய் ஸ்டோரி 2" என்ற புகழ்பெற்ற அமெரிக்கக் கேலிச்சித்திரப் படம் தயாரிப்பிலிருந்தபோது, 1998-இல், தவறான ஓர் ஆணையால் அதன் கோப்புகள் அழியத் தொடங்கின. காப்புப் படி எடுத்து வைத்திருக்கிறோமே என்று போய்ப் பார்த்தால் அது பல நாட்களாகச் சரியாகப் பதிவாகவே இல்லை. மகப்பேற்றின் காரணமாக வீட்டிலிருந்து பணியாற்றிய கேலின் சூஸ்மன் என்ற அம்மையாரின் வீட்டுக் கணினியில் ஒரு படி இருந்தது. அக்கணினியைக் கம்பளியில் சுற்றிக் காரில் வைத்துக் கொண்டுவந்தார்களாம். கோடிக்கணக்கில் செலவிட்ட நிறுவனத்தையும் காத்தது வீட்டுப் படிதான் என்பதில் நமக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி.

கோப்பு நலமாக இருந்தும் படிக்க இயலாமற் போவதும் உண்டு. 2004-இல் நாம் அளித்த எம்.ஃபில். ஆய்வேடு பாமினி எழுத்துருவில் தட்டச்சாகி நெகிழ்வட்டில் ஏறியது. அந்த வட்டைச் செருகும் துளை இன்றைய கணினி எதிலும் இல்லை. எவரோ ஒருவர் பழைய கருவி கொண்டு திறந்து தந்தபோது, ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும் கலந்த ஒரு காடு திரையில் விரிந்தது. அலமாரியில் இருக்கும் தாளில் அச்சிட்ட கட்டுத்தான் இன்றும் படிக்கத் தகுகிறது. (அதனை யாரும் படிப்பதில்லை என்பது வேறு செய்தி.) இணையத்தின் தந்தையருள் ஒருவராகக் கருதப்படும் விண்ட் செர்ஃப் 2015-ஆம் ஆண்டு இந்த ஆபத்தைக் குறித்து எச்சரித்தபோது, உண்மையில் உங்களுக்கு வேண்டிய படங்களை அச்சிட்டு வையுங்கள் என்றே அறிவுரை கூறினார்.

அந்தரங்கம் கெடுமே என்ற அச்சம் நம் இல்லங்களில் இயல்பானது. நாம் அதனை மதிக்கிறோம். ஆனால் படி வைப்பது வேறு, பரப்புவது வேறு. கடவுச்சொல்லிட்டுப் பூட்டிய வன்தட்டு இரண்டு இரு வீடுகளில் இருந்தால், படிகளும் இருக்கும், மறைவும் இருக்கும். இதனை நாம் 2018-இல் அறிந்திருந்தால் உம்மாவின் சொல்லும் நின்றிருக்கும், அறுபத்தொரு படங்களும் நின்றிருக்கும்.

அச்சிறுமி நம் கல்லூரியிலேயே பி.சி.ஏ. படித்தாள். 2024-இல் திருமணமாகி மதுரைக்குச் சென்றபோது, சீர்வரிசைப் பெட்டிகளுக்கு நடுவே வன்தட்டு ஒன்றையும் துணியில் சுற்றி எடுத்துச் சென்றாள். மற்றொன்று நம்மிடம் உள்ளது. மூன்றாவது படி மேகச் சேமிப்பில். அதற்கு மாதந்தோறும் கட்டணம் செலுத்துகிறோம், ஒரு வேளைத் தேநீர்ச் செலவைவிடச் சற்றுக் கூடுதல். நோன்புப் பெருநாளுக்கு அவள் தாய்வீடு வரும்போது தன் வன்தட்டைக் கொண்டுவருவாள். இரண்டையும் கணினியில் இணைத்து, அந்த ஆண்டின் படங்களைச் சேர்த்து, பழையவற்றுள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திறந்து சரிபார்ப்போம். மேசையை எவரும் நகர்த்தக் கூடாதென்று அப்போது நம் வீட்டில் ஓர் ஆணை உண்டு. பிள்ளைகள் அதனைச் சொல்லி நகைப்பார்கள்.

சென்ற பெருநாளன்று அவள் முருங்கைக் கிளைப் படத்தைத் திறந்தாள். பாதி சாம்பல் நிறமாக இருக்கும் இதனை வைத்திருந்து என்ன பயன், நீக்கிவிடலாமா என்று நாம் கேட்டோம்.

"வேணாம் மாமா. அதுக்குக் கீழதான் உம்மம்மா இருக்காங்க" என்றாள். மூன்று இடத்திலும் அது இருக்கிறது.

தம்மாமிலிருந்து வந்த படத்தை ஸ்டூடியோவில் கொடுத்தபோது, பெரிதாக்கினால் கலங்கிவிடும் என்றார்கள். அஞ்சலட்டை அளவில் மட்டும் அச்சிட்டு வாங்கினோம். ராத்தா அதனை உம்மாவின் பிஸ்கட் தகரப் பெட்டியில், ஹஜ் படங்களோடு வைத்து, மேலே நூற்கண்டுகளை அடுக்கி மூடியிருக்கிறார்கள். சுவரில் மாட்டவில்லை.